மூன்றாம் நீலம்

சிறுரகத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவைச் சுட ஒரு நொடிகூட ஆகாது. அப்படிச் சுட்டால் குழலுக்குள் படியும் மருந்துக்கரியைத் துடைக்க எங்கள் இயக்ககத்தில் மூன்று மாடிக் கட்டடமும், நாற்பது துடைப்பாளர்களும், அந்த நாற்பது பேரைக் கண்காணிக்க அறுபது பேரும் இருந்தார்கள். நாற்பதாவது துடைப்பாளர் நான்.

ஆதியில் அது துப்பாக்கி சுடும் பயிற்சிப் பள்ளியாம். கொல்லைப்புறத்து அறையில் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து, சுட்ட துப்பாக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு ஓர் உதவியாளர் வந்தார். உதவியாளருக்கு ஒரு மேலாளர் வந்தார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதையாக, இப்போது பயிற்சிப் பள்ளிதான் கொல்லைப்புறத்து அறையில் இருக்கிறது. வாசலில் இருக்கும் பலகை சொல்வது: சிறுரகத் துப்பாக்கித் தூய்மைப் பேணல் இயக்ககம்.

நேர்முகத் தேர்வில் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். துப்பாக்கி சுட்டது உண்டா? இல்லை என்றேன். சுடும் ஆசை உண்டா? அதுவும் இல்லை. துடைத்த அனுபவம் உண்டா? பன்னிரண்டு வருடம் பித்தளைப் பட்டறையில் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் மெருகு போட்டேன் என்றதும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். அன்று மாலையே வேலை கிடைத்தது. 'பித்தளை' என்ற பட்டப்பெயர் மறுநாள் காலையில் கிடைத்தது.

வேலையோடு இரண்டு அறைக் குடியிருப்பும் கொடுத்தார்கள். சமையலறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய். அதுவரை நாங்கள் ஏழு குடும்பத்துக்கு ஒரு குழாய் இருந்த கட்டடத்தில், வாளிச் சண்டையோடு விடிகிற வாழ்க்கை வாழ்ந்தவர்கள். டயர் கடையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், குடிவந்த முதல் வாரம் முழுக்க, தேவை இருக்கிறதோ இல்லையோ, அந்தக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். ஒரு வருடம் தகுதிகாண் பருவம். அதை ஒழுங்காக முடித்தால் வேலையும் அறைகளும் நிரந்தரம். என் கண்ணுக்கு அந்தக் குழாயைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

தகுதியைக் காண்பவர் ஆய்வாளர். சட்டைப் பையில் எந்நேரமும் மடித்து வைத்த வெள்ளைத் துணித்துண்டுகளோடு திரிவதால் அவர் பெயர் வெள்ளைத்துணி. இயக்ககத்தின் விதி அவர் வாயால் கேட்டால்தான் புரியும் என்று முதல் நாளே என்னை அவர் முன்னால் நிறுத்தினார்கள்.

"துணி வெள்ளையா வந்தா நீ கடமை செஞ்சிருக்கே. கறுப்பா வந்தா, துப்பாக்கியச் சுட்டிருக்கே. நீலமா வந்தா, சுட்டதும் இல்லாம அத மறைச்சிருக்கே. கறுப்புக்குக்கூட மன்னிப்பு உண்டு. நீலம் துரோகம். ரெண்டு வரைக்கும் முத்திரையோட விடுவோம்."

"மூணு நீலம் வந்தா?"

"தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா மன்னிப்போம். இல்லேன்னா அன்னிக்குச் சாயங்காலமே வீட்டக் காலி பண்ணணும்."

வேலை எளிது. காலையில் ஒவ்வொரு குழலையும் நாற்பது இழுப்பு, மாலையில் நாற்பது இழுப்பு. நீளக் கம்பி, அதன் முனையில் பித்தளைக் கொண்டை, கொண்டையில் துணித்துண்டு, துணியில் மூக்கைத் துளைக்கும் கரைப்பான். சுண்டுவிரல்கூட நுழையாத குழலுக்குள் அதை விட்டு இழுத்து, விட்டு இழுத்து, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சோற்றைப் பிசையும்போதும் கை முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "நீ துடைக்கிற துடையில துப்பாக்கியே தேஞ்சிடும்டி" என்பார்.

மூன்றாம் நாள்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை துடைக்கிறோமே, இந்தத் துப்பாக்கிகளை யார் சுடுகிறார்கள்? ஒரு வெடிச் சத்தமும் காதில் விழவில்லையே. பக்கத்து மேசை அக்காவிடம் கேட்டேன். ஒன்பது வருடம் துடைத்தவர் அவர்.

"சுடுறதா? பதினோரு வருஷமா யாரும் சுடுறதில்லையே."

"ஏன்க்கா?"

"சுட்டா அழுக்காயிடும்ல."

பயிற்சி மட்டும் நிற்கவில்லை. கொல்லைப்புறத்தில் பயிற்சியாளர் மாணவர்களை வரிசையாகக் குப்புறப் படுக்க வைப்பார். அவர்கள் துடைத்த துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, ஒற்றைக் கண்ணை மூடி, மூச்சை அடக்கி, விசையை அழுத்தும் பாவனையில் வாயால் "டப்" என்று கத்துவார்கள். கணீரென்று கத்துகிறவர்களுக்கு முதல் வகுப்பு. முனகுகிறவர்களுக்கு இரண்டாம் வகுப்பு. சளி பிடித்தவர்களுக்கு மறுதேர்வு. எங்கள் பள்ளியில் படித்து முதல் வகுப்பில் தேறிய இருநூறு பேர் வெவ்வேறு இடங்களில் காவல் வேலை பார்க்கிறார்கள் என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த இடங்களுக்கு யார் காவல் என்று எழுதவில்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்று மாலை வெள்ளைத்துணியிடமே கேட்டுவிட்டேன்.

"சார், சுடவே இல்லையே, அப்புறம் எதுக்குத் துடைக்கிறோம்?"

அவர் கோபப்படவில்லை. பாடம் கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "சுட்ட துப்பாக்கியில கரி இருக்குன்னு தெருவுல போறவனுக்கும் தெரியும்மா. சுடாத துப்பாக்கியில கரி இருக்குன்னு நம்மளத் தவிர யாருக்குத் தெரியும்? அதுக்குத்தானே நம்மள வெச்சிருக்காங்க."

நான்காம் மாதம் எனக்கு முதல் நீலம் விழுந்தது. அன்று நான் நாற்பதுக்கு நாற்பது இழுத்திருந்தேன், எண்ணிக்கை தவறவில்லை. வெள்ளைத்துணி வந்தார். ஒரு துணித்துண்டைக் கரைப்பானில் நனைத்துத் தான் கட்டாகக் கொண்டு வந்த கம்பிகளில் ஒன்றின் கொண்டையில் சுற்றினார், குழலுக்குள் செருகினார், அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். சோதனையின் முறையே அதுதான். திரும்பி வந்து கம்பியை உருவியபோது துணியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு வளையம். என் அட்டையில் நீல முத்திரை குத்தினார்கள். மற்ற முப்பத்தொன்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். அது வழக்கமாம்.

அடுத்த நாளிலிருந்து நூறு இழுப்பு இழுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் இழுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. ஏழாம் மாதம் இரண்டாவது நீலம் விழுந்தது. வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் இருந்தது. செய்யாத குற்றத்தைச் செய்யாமலிருக்க இன்னும் எத்தனை இழுப்பு இழுப்பது?

அப்புறம்தான் நான் துப்பாக்கியைப் பார்ப்பதை விட்டுவிட்டு வெள்ளைத்துணியைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் ஒரே மடக்கில் டீயைக் குடித்துவிட்டு ஓடி வரும் நாட்களில் யாருக்கும் நீலம் விழாது. டீக்கடையில் யாராவது அவரிடம் பேச்சுக் கொடுத்த நாட்களில் நான்கைந்து பேருக்கு விழும். அவர் மைத்துனர் ஊரிலிருந்து வந்து கடையில் மடக்கிப் பிடித்துக்கொண்ட அன்று, ஒரே வரிசையில் பதினோரு பேருக்கு நீலம். அந்தப் பதினோரு பேரும் ஒரே நாளில் சதி செய்து சுட்டதாக ஒரு தனிக் கோப்பு திறந்தார்கள்.

பித்தளைப் பட்டறையில் இருந்தவளுக்கு இது உடனே உறைத்திருக்க வேண்டும். அங்கே இதே நெடியுள்ள மெருகுத் திரவத்தில் நனைத்த துணியைக் குழாய்மேல் மறந்து வைத்துவிட்டால், எடுக்கும்போது துணி நீலமாகத்தான் இருக்கும். பித்தளையில் இருக்கும் செம்பைக் கரைத்து வெளியே கொண்டு வருவது அதன் வேலை. கம்பியின் கொண்டை பித்தளை. எங்கள் தோட்டாவின் குண்டோ வெறும் ஈயம், அதில் செம்பு மருந்துக்குக்கூட இல்லை.

ஒரு கொண்டையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நனைத்த துணியைச் சுற்றி ஒரு தம்ளருக்குள் வைத்தேன். அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். சோறு வெந்து இறக்குவதற்குள் துணி நீலமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"அடிப்பாவி, துப்பாக்கியே இல்லாம சுட்டுட்டியே!"

சிரித்து முடித்ததும் அவரே ஒரு மரக்குச்சியை எடுத்து, குழலுக்குள் போகிற கனத்துக்குச் சீவி, உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். மறுநாள் அந்தக் குச்சியில் துணி சுற்றி என் குழலுக்குள் விட்டேன், மதியம் முழுக்க ஊற வைத்தேன். பால் போல வெள்ளையாக வந்தது. அன்று சாயங்காலமே வெள்ளைத்துணியின் கொண்டையில் எனக்கு மூன்றாவது நீலம் விழுந்தது.

விசாரணை மறுநாள் காலை பத்து மணிக்கு. பக்கத்து மேசை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க பாரு பித்தள, வீம்பு பண்ணாத. கையெழுத்தப் போட்டுடு, முத்திரைய அழிச்சுடுவாங்க. நான் ஆறு தடவ போட்டிருக்கேன்."

"ஆறு தடவையும் சுட்டீங்களாக்கா?"

"நான் துப்பாக்கிச் சத்தமே கேட்டதில்லடி."

"அப்புறம் எப்படிக்கா கை வந்துச்சு?"

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதல் தடவைதான் கஷ்டமாயிருந்ததாகச் சொன்னார்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் ஒப்புதல் படிவத்தைக் காட்டினேன். 'நான் துப்பாக்கியை மறைவாகச் சுட்டேன். கரியை மறைத்தேன். இயக்ககம் கண்டுபிடித்தது. இயக்ககத்தின் கருணையை வேண்டுகிறேன்.' கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. அவர் இரண்டு முறை படித்தார். போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் மறுபடியும் வாளி. குழாயை எட்டிப் பார்த்தார்.

"குழா வேணும்னுதான் மனசு அடிச்சுக்குது. ஆனா குழா இல்லாம ஏழு வருஷம் இருந்தோமே, செத்தா போயிட்டோம்?" என்றார்.

விசாரணைக் கூடம் என்பது பழைய சுடுதளம்தான். ஒரு பக்கம் சுவரில்லாமல் திறந்திருக்கும். அந்தப் பக்கம் ஐம்பது மீட்டரில் மண்மேடு. முன்பு மேட்டைப் பார்த்துத் துப்பாக்கிகள் வைத்திருந்த இடத்தில் இப்போது பச்சைத் துணி விரித்த நீள மேசை. இயக்குநர் நடுவில், வெள்ளைத்துணி பக்கத்தில். என் துப்பாக்கி சாட்சிப் பொருளாக மேசைமேல் கிடந்தது. துடைப்பாளர்கள் எல்லாரும் பின்னால் நின்றார்கள். பயிற்சியாளரையும் மாணவர்களையும்கூட வரச் சொல்லியிருந்தார்கள். ஒப்புதல் வாசிக்கப்படுவதைக் கேட்பது பாடத்திட்டத்தில் இருந்தது.

இயக்குநர் பேசத் தொடங்கினார்.

"அன்பார்ந்தவர்களே! உலகத்தில் எத்தனையோ நிறுவனங்கள் துப்பாக்கியைச் சுடுகின்றன. சுடுவதில் என்ன பெருமை இருக்கிறது? விசையை அழுத்தினால் அது தானாகச் சுடும். துடைப்பது தானாக நடக்குமா? நான் பொறுப்பேற்றபோது ஆண்டுக்கு இருபது நீலங்களே கண்டுபிடிக்கப்பட்டன. இன்று நானூறு! சுடுவதை நாம் அறவே நிறுத்திய பிறகு, கண்டுபிடிக்கும் திறன் இருபது மடங்கு உயர்ந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால், துப்பாக்கியே இல்லாத இடத்திலும் நம்மால் கரியைக் கண்டுபிடிக்க முடியும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

"சார், அத நான் இப்பவே பண்ணிக் காட்டட்டுமா?" என்றேன்.

வெள்ளைத்துணியின் கம்பியையே வாங்கினேன். ஒரு புதுத் துணித்துண்டை நனைத்துக் கொண்டையில் சுற்றி, துப்பாக்கியின் பக்கமே போகாமல், மேசைமேல் இயக்குநரின் மூக்குக்கு நேராக வைத்தேன். எல்லாரும் காத்திருந்தோம். யாரோ தும்மினார்கள். இயக்குநர் டீ வரவழைத்துக் குடித்தார். தட்டில் கோப்பையை வைத்துவிட்டு அவர் குனிந்து பார்த்தபோது துணி நீலமாகியிருந்தது.

இயக்குநர் துணியைப் பார்த்தார். கொண்டையைப் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"இந்த மேசையில யாரோ சுட்டிருக்காங்க" என்றார்.

"குறிச்சுக்கிட்டேன் சார். மேசைக்கு முதல் நீலம்" என்றார் வெள்ளைத்துணி. அதே சூட்டில் மேசையைக் காலையிலும் மாலையிலும் துடைக்க இருவர் நியமிக்கப்பட்டார்கள்.

"சார், நீலம் கொண்டையில இருந்து வருது. கொண்டை பித்தள. கரைப்பான் பித்தளையத் தின்னுது. இதோ, மரக்குச்சி. இதால துடைச்சா வெள்ளையா வருது, பாருங்க."

குச்சியில் துணி சுற்றி என் துப்பாக்கிக்குள் விட்டேன். இன்னொரு டீ நேரம் காத்திருந்தோம். வெள்ளையாக வந்தது. மாணவர்களில் ஒருத்தி "அட!" என்றாள். இயக்குநர் குச்சியை வாங்கி, கைக்குட்டையால் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் குச்சி ரொம்ப ஆபத்தானது" என்றார் கடைசியில். "இதுக்கு அழுக்கைக் கண்டுபிடிக்கத் தெரியலை."

குச்சி தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் ஏற்றப்பட்டது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலில் அன்பு வழிந்தது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதோ பாரும்மா. உன் மேல எனக்குக் கோபமே இல்ல. நீ சுட்டியா இல்லையாங்கறது பிரச்சினையே இல்ல. முப்பத்தொம்பது பேரு ஒத்துக்கிட்டிருக்காங்க. நீ ஒருத்தி சுடலேன்னா, அவங்க எழுதிக் குடுத்ததுக்கெல்லாம் என்ன அர்த்தம்? அவங்க மனசு கஷ்டப்படாதா? கையெழுத்தப் போடு. நாளைக்கே நிரந்தர ஆணை. ரெண்டு ரூமும் உனக்கே."

பேனாவை நீட்டினார். வாங்கினேன். கோட்டின்மேல் வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கணத்தில் என் காதில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஆனால் 'சுட்டேன்' என்ற வார்த்தையைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் எரிந்தது. பின்னால் முப்பத்தொன்பது பேர் நின்றார்கள். ஆளுக்கு நான்கு, ஐந்து, ஆறு என்று சுடாத சூடுகளைச் சுட்டு, அதற்காகத் தலைகுனிந்து நிற்கிறார்கள். பக்கத்து மேசை அக்கா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவை மூடி வைத்தேன்.

"முடியாது சார்."

"அப்ப சாயங்காலத்துக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்."

"பண்றேன். ஆனா ஒரு பாக்கி இருக்கு. மூணு தடவ நான் சுட்டேன்னு முத்திர குத்தியிருக்கீங்க. தண்டனையும் குடுத்துட்டீங்க. தண்டன வாங்கின பிறகு ஒரு தடவையாவது நான் சுட வேண்டாமா?"

மேசைமேல் கிடந்த துப்பாக்கியை எடுத்தேன். வெள்ளைத்துணி எழுந்து "அதத் தொடாத, கைரேகை படும்!" என்று கத்தினார். நான் கேட்கவில்லை. ஆனால் எடுத்துவிட்டேனே தவிர, தோட்டாவுக்கு எங்கே போவது? அசடு வழிய நின்றேன்.

அப்போது பயிற்சியாளர் மெல்ல எழுந்து வந்தார். பதினோரு வருடமாக 'டப்' சொல்லிக் கொடுத்த மனிதர். சட்டையின் உள்பையில் கைவிட்டு, என் உள்ளங்கையில் சின்னதாக ஒன்றை வைத்தார். உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. அவர் காட்டியபடி தோட்டாவை உள்ளே போட்டு, மேசையைத் தாண்டி மேட்டுப் பக்கம் போய் நின்றேன்.

"எல்லாரும் பின்னாடியே நில்லுங்க, ஒருத்தரும் நகரக் கூடாது" என்று மாணவர்களிடம் சொன்னார். மண்மேட்டை இடமும் வலமும் பார்த்தார். "ஆளில்ல. இப்பிடித் தோள்ல வைம்மா. மூச்ச விடாத. விசைய மெதுவா அழுத்து."

அழுத்தினேன்.

சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை. மாணவர்கள் கத்துவதில் பாதிகூட இருக்காது. ஆனால் இயக்குநர் மேசைக்கு அடியில் போய்விட்டார். மேட்டில், நான் குறிவைத்த இடத்துக்கு இரண்டு கை தள்ளி மண் தெறித்தது. "துடைச்சுத் துடைச்சுக் குழல் வாயே தேஞ்சு போச்சு, உன் தப்பில்ல" என்றார் பயிற்சியாளர். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வாய்கொள்ளாமல் சிரிப்பு வந்தது.

காலித் தோட்டாவை வெளியே எடுத்தேன். தடை செய்யப்பட்ட குச்சியில் ஒரு வெள்ளைத் துணித்துண்டைச் சுற்றி, குழலுக்குள் ஒரே ஓர் இழுப்பு இழுத்து, அதை மேசையின் பச்சைத் துணிமேல் விரித்தேன். நடுவில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

இயக்குநர் அடியிலிருந்து எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். முகர்ந்தார். விரல் நுனியால் தொட்டார், விரலில் ஒட்டிக்கொண்டதும் பதறிக் கையை உதறினார். வெள்ளைத்துணியிடம் காட்டினார். வெள்ளைத்துணி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னது இது?" என்றார் இயக்குநர்.

"கரி சார்," என்றேன். "மருந்துக்கரி."

துணி கைமாறிக் கைமாறித் துடைப்பாளர்களிடம் போனது. ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து மேசை அக்கா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "இதுதானா? இதையா நான் ஆறு தடவ செஞ்சேன்னு எழுதிக் குடுத்தேன்?" என்று சத்தமாகவே கேட்டார். யாரும் அவரை அடக்கவில்லை.

நான் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுப் புறப்பட்டேன். பாத்திரம் பண்டங்களைக் கட்ட வேண்டும், வண்டி பிடிக்க வேண்டும். படியிறங்கும்போது பின்னாலிருந்து இயக்குநர் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. யாரும் கேட்டுவிடாதபடி என் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, இத எப்படிம்மா துடைக்கிறது?"

"தெரியல சார்," என்றேன். "நான் இப்ப வேலையில இல்ல."